ஊதாமல் பழகிய பதினாறு சுரங்கள்

"அந்த ரெண்டு பாரையும் விட்டிட்டு ஊதுங்க. கேக்கிற ஆக்களுக்கு ஒண்டும் தெரியாது" என்று எங்களுக்குப் பாண்ட் பழக்கிய சேர் சொன்ன அன்றுதான் எனக்குக் கிளாரினெற்றில் பிடிவாதம் பிறந்தது. அதற்கு முன்பு இருந்தது ஆசைகூட இல்லை. வெள்ளைச் சப்பாத்தும் தோளில் தங்கக் கயிறும் வைத்த பாண்ட் உடுப்பைப் போடலாம் என்றுதான் பத்தாம் வகுப்பில் போய்ச் சேர்ந்தேன். ட்ரம் கேட்டேன். கை மெலிவு என்று கிளாரினெற்றைத் தந்தார்கள்.

பரிசளிப்பு விழாவுக்கு என்று சேர் ஒரு வால்ஸ் மெட்டு எடுத்திருந்தார். அதன் நடுவில் இரண்டு பார், அதாவது இரண்டு தாளக் கட்டு, மொத்தம் பதினாறு சுரம், கிளாரினெற் மட்டும் ஓடி ஏறி ஓடி இறங்க வேண்டிய இடம். மற்ற வாத்தியமெல்லாம் அந்த நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அந்த இடத்தைத்தான் விட்டுவிடச் சொன்னார். ட்ரம்பெற் பிள்ளைகள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது.

கிளாரினெற்றில் ஒரு கெட்ட இடம் உண்டு. கீழே இருந்து ஏறி வரும்போது விரல்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டே வர வேண்டும். ஒரு கட்டத்தில் அநேகமாக எல்லா விரலும் வெளியே இருக்கும், குழல் திறந்து கிடக்கும். அதற்கு அடுத்த சுரத்துக்கு அத்தனை விரல்களும் ஒரே நேரத்தில் மூடியாக வேண்டும். ஒரு விரல் கொஞ்சம் பிந்தினாலும் குழல் கிறீச்சென்று கத்தும். நாங்கள் அந்த இடத்துக்குக் கல்லடிப் பாலம் என்று பெயர் வைத்திருந்தோம். எங்கள் ஊர் செட்டிபாளையம், பள்ளிக்கூடம் மட்டக்களப்பு ரவுனில். தினமும் பஸ் பாலத்தடி ஆமிச் சோதனைச் சாவடிக்கு வந்ததும் எல்லாரும் இறங்கி, பையைத் திறந்து, அடையாள அட்டையைக் காட்டி, நடந்து கடந்து, மறுபடி ஏற வேண்டும். அதுவரை ஓடிவந்த பஸ் அங்கே ஒரு முறை செத்துப் பிழைக்கும். எங்கள் பதினாறு சுரத்தில் ஏழாவதும் அப்படித்தான்.

பாலத்தைத் தாண்டினால் வேறு வில்லங்கம். பத்தாவது சுரத்திலிருந்து இரண்டு கைச் சின்ன விரல்களுக்கும் வேலை வரும். இடது, வலது, இடது என்று மாற்றி மாற்றி அழுத்த வேண்டும். சின்ன விரலை அதுவரை நான் தேநீர்க் கோப்பை பிடிக்கும்போது வெளியே நீட்டுவதற்குத்தான் வைத்திருந்தேன்.

முதல் கிளாரினெற் நான். இரண்டாவது கிளாரினெற் என் பக்கத்து நாற்காலிக்காரி, எங்கள் ஊர்க்காரிதான். அவளுடைய தாயும் என் தாயும் ஒரே குடி. எங்கள் பக்கத்தில் குடி தாய்வழியாக வருவது, ஆகவே அவளுடைய தாய் எனக்குப் பெரியம்மா முறை, அவள் எனக்குச் சகோதரி முறை. அவளோடு நான் போட்ட சண்டைகளுக்கு அந்த முறை சரியாகத்தான் இருந்தது. அந்தப் பதினாறு சுரத்தில் என் பகுதி மேலே ஓடும், அவள் பகுதி கொஞ்சம் கீழே கூடவே ஓடும். அவள் பாலத்தில் விழுவாள். நான் பாலம் தாண்டி விழுவேன். சேர் சொன்னதைக் கேட்டுவிட்டு பஸ்ஸில் வரும்போது அவள் சொன்னாள், "விட்டிட்டு ஊதச் சொன்னாரெல்லோ, அந்த ரெண்டு பாரை மட்டும் ஊதிக் காட்டுவம். மிச்சத்த விடுவம்." நான் சத்தமாகச் சிரித்ததில் கொண்டக்டர் முறைத்தார்.

மார்கழி விடுமுறைக்கு இரண்டு பேரும் கையெழுத்து வைத்துக் கிளாரினெற்றை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அவள் வீடு வாவிப் பக்கம், எங்கள் வீடு கடல் பக்கம். நடுவில் ஒரு றோட்டும் கொஞ்சம் தென்னையும். காற்று சரியாக இருந்தால் அவள் பாலத்தில் விழுவது எங்கள் முற்றத்துக்குக் கேட்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை நான் வாய்த்துண்டை மட்டும் கழற்றிக் கிணற்றடியில் கழுவிக்கொண்டு நின்றேன். கடல் வந்தது. அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாவிப் பக்கம் ஓடினார். ஓடி நின்ற பிறகுதான் பார்த்தேன், கைக்குள் அந்த வாய்த்துண்டு இருந்தது. வேறொன்றும் இல்லை. அப்பா கரைவலை இழுக்கப் போயிருந்தார். அப்பா வரவில்லை. இதற்கு மேல் அதைப்பற்றி நான் எழுதப்போவதில்லை. பிறகு நாங்கள் இருந்த அகதி முகாமுக்கு நோட்டுப் புத்தகத்தோடு வந்து சொல்லச் சொன்னவர்கள் பலர், அவர்களுக்கும் நான் இவ்வளவுதான் சொன்னேன்.

ஐந்தாம் நாள் மாமா, அம்மாவின் தம்பி, வாவிக் கரையில் கண்ணா மரப் பற்றைக்குள் தேடிக்கொண்டு திரிந்தபோது பெட்டியைக் கண்டெடுத்துக் கொண்டுவந்தார். அவர் தேடியது கிளாரினெற்றை அல்ல. எங்கள் வீட்டு வாசலில் இருந்து புறப்பட்டு, றோட்டைக் கடந்து, வாவிவரை அது போயிருந்தது. உள்ளே மணலும் ஒரு சின்ன இறாலும் இருந்தன. குழல் பிளாஸ்ரிக் என்பதால் வெடிக்கவில்லை. ஓட்டைகளை மூடும் தோல் வட்டங்கள் ஊதிப் பெருத்து உதிர்ந்துவிட்டன. இடது சின்ன விரலுக்கான கீ எல்லாம் முறிந்து போய்விட்டது.

மாமா வள்ளத்து எஞ்சின் திருத்துகிறவர். எஞ்சினுக்குள் எண்ணெய் கசியாமல் வைக்கும் தக்கைத் தகட்டை வட்டம் வட்டமாக வெட்டி ஒட்டித் தந்தார். இரண்டு இடத்தில் வில்லுக்குப் பதிலாக இறப்பர் பட்டி. "முறிஞ்ச கீக்கு என்ன செய்ற மாமா?" என்றேன். "அதுக்கு என்னட்டச் சாமான் இல்ல புள்ள. மற்றக் கையால சமாளி" என்றார். தெரிந்து சொன்னாரோ தெரியாமல் சொன்னாரோ, அது சரியான பதில். இடது கையில் இருக்கிற அந்தச் சுரங்கள் வலது சின்ன விரலுக்குக் கீழேயும் உண்டு. என்ன, மாற்றி மாற்றி அழுத்துவதற்குப் பதில் ஒரே விரல் ஒரு கீயிலிருந்து பக்கத்துக் கீக்கு வழுக்கிப் போக வேண்டும். வழுக்கி, திரும்பி, மறுபடி வழுக்க வேண்டும்.

பள்ளிக்கூடம் திறந்ததும் கிளாரினெற்றைச் சேரிடம் கொண்டுபோனேன். திருட்டுப் பட்டம் வேண்டாம் என்று. அவர் அதைத் தொடக்கூட இல்லை. "இது சுனாமியில போனதெண்டு எழுதி அனுப்பியாச்சு. வெளிநாட்டில இருந்து புதுசு வருது. இத எங்கையாவது வீசு" என்றார். புதுசு வந்தது, பளபளவென்று. பின்னேரப் பயிற்சிக்கு நிற்கக்கூடிய ரவுன் பிள்ளைகளுக்குப் போனது. நாங்கள் முகாமுக்குக் கடைசி பஸ் பிடிக்கிறவர்கள். சரி என்று வீசினேன், என் பைக்குள்.

முகாமில் கூடாரத்துக்குப் பின்னால் நின்று வழுக்கப் பழகினேன். வியர்த்தால் விரல் கீயில் ஒட்டிக்கொள்ளும். உலர்ந்தால் இடையில் தடக்கி நிற்கும். தற்செயலாக ஒரு நாள் தலையைச் சொறிந்துவிட்டு ஊதினேன், விரல் எண்ணெய் போட்டதுபோல ஓடியது. எண்ணெய் போட்டதுதான். அம்மா தலையில் வார்த்துத் தேய்க்கும் தேங்காயெண்ணெய். அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் தொடங்கமுன் சின்ன விரலை உச்சியில் ஒரு தேய்ப்புத் தேய்ப்பேன். "என்னகா, தலையில பேனா?" என்று வரிசையில் தண்ணீருக்கு நின்ற பெண்கள் கேட்டார்கள். "ஓம், வளக்கிறன்" என்றேன்.

வீடு திருத்தி ஊருக்குத் திரும்பி மூன்றாம் மாதம் என் பக்கத்து நாற்காலிக்காரியை இயக்கத்துக்காரர் பிடித்துக்கொண்டு போனார்கள். ரியூசன் முடிந்து பட்டப்பகலில் வந்தவளை. வள்ளத்தில் ஏற்றி வாவிக்கு அப்பால், படுவான்கரைக்குக் கொண்டுபோனார்கள் என்று கண்டவர்கள் சொன்னார்கள். பெரியம்மா தினமும் அக்கரைக்குப் போய் இயக்க முகாம் வாசலில் இருந்துவிட்டு வந்தா. "உங்கட மகள் சுகமா இருக்கிறா, போங்க" என்று ஒவ்வொரு நாளும் அனுப்பினார்கள். பிறகு ஒரு நாள் வடக்கே அனுப்பிவிட்டோம் என்றார்கள். பெரியம்மா அதற்குப் பிறகு அதிகம் பேசுவதில்லை. அந்தக் காலத்தில் சண்டைக்குப் பிள்ளை பிடித்தது ஒரு இயக்கம் மட்டும் அல்ல. கொஞ்ச நாளில் இன்னொரு இயக்கம் வான் வண்டியில் வந்தது. குமர்ப்பிள்ளைகளைப் பெற்றவர்கள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள்.

அவளைக் கொண்டுபோன மறுநாள் காலை அம்மா குளித்துவிட்டு வந்து என் கிளாரினெற்றை எடுத்தார். மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து, குழலின் அகன்ற வாயைச் சுற்றி இறுக்கக் கட்டினார். கண்ணகை அம்மன் படத்துக்கு முன்னால் அதை வைத்துச் சத்தமாகவே சொன்னார்: "தாயே, ஒருத்தரக் கடல் கொண்டு போட்டுது. இவளக் காப்பாத்தித் தா. பிரச்சின முடியுமட்டும் இது சத்தம் போடாது. முடிஞ்ச உடன உன்ட சடங்குக்கு வந்து உன்ட வாசல்ல நிண்டு ஊதுவாள்."

அம்மனோடு இப்படி உடன்படிக்கை செய்யும்போது என்னை ஒரு சொல் கேட்கவில்லை. "நான் ஊதுறத என்னட்டக் கேக்காம நேந்து வைப்பீங்களா?" என்றேன். "நீ ஊதினா றோட்டால போறவனுக்கு என்ன தெரியும்? இந்த வீட்டில பதினெட்டு வயசுப் புள்ள ஒண்டு சும்மா இரிக்கு எண்டு தெரியும். நீயே கூப்பிட்டுச் சொல்லப் போறியா?" என்றார் அம்மா. அம்மாவில் பிழை பிடிக்க முடியாமல் இருந்ததுதான் எனக்குக் கூடுதல் கோபம்.

ஆனால் நேர்த்தி சத்தத்துக்குத்தான். விரலுக்கு ஒருவரும் நேரவில்லை. இரண்டாம் நாளே மதியம் சமையல் முடிந்த பிறகு, துணி கட்டியபடியே குழலை எடுத்து மடியில் நிறுத்தி, வாயில் வைக்காமல், பதினாறு சுரத்தையும் விரலால் ஓட்டினேன். கீ எல்லாம் டக் டக் என்று சொல்லும். அம்மாவுக்கு அதுவும் பயம். "அந்தக் கடகடப்பும் றோட்டுக்குக் கேக்கும்" என்றார். "ஆமிக்காரன் டைப்ரைட்டர் எண்டு நினைப்பான்" என்றேன். அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. சில நாட்களில் மெய்யாகவே வாசலில் ஆள் நடமாட்டம் கூடினால் கிளாரினெற்றையும் தொடாமல் தும்புத்தடியின் கம்பில் விரலோட்டினேன். கூட்டுகிறேன் என்று காட்டிக்கொள்ள வசதி.

அதன் பிறகு எனக்கு நீளமாக எது கையில் கிடைத்தாலும் கிளாரினெற்தான். பாலர் பாடசாலையில் படிப்பிக்கத் தொடங்கியிருந்தேன், பயிற்சி வகுப்புக்கு ரவுனுக்குப் போக வேண்டும். குடைக்கம்பு, தண்ணீர்ப் போத்தல், பஸ்ஸின் முன் இருக்கைக் கம்பி, எதிலும் அந்தப் பதினாறும் ஓடும். ஒரு நாள் கல்லடிப் பாலத்தடி வரிசையில் குடைக்கம்பில் ஓட்டிக்கொண்டு நிற்கும்போது ஒரு சிப்பாய் என் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான். என்னைத் தனியே கூப்பிட்டான். "என்ன சிக்னல்? யாருக்கு?" என்றான். பின்னால் நின்றவர்கள் என்னை அறியாதவர்கள்போல ஓரடி விலகினார்கள்.

"மியூசிக்" என்றேன். நம்பவில்லை. பையைக் கொட்டச் சொன்னான். பாலர் பாடசாலைக் களிமண்ணும் சோக்கும் விழுந்தன. இன்னொருவனைக் கூப்பிட்டான். அவன் வயதானவன், களைத்தவன். "செய்து காட்டு" என்றான். நான் குடையை வாயருகே பிடித்து, சின்ன விரலை உச்சியில் தேய்த்து, பதினாறையும் ஓட்டினேன். பயத்தில் ஒருபோதும் இல்லாத வேகத்தில் ஓடியது. நூறு பேர் பார்த்துக்கொண்டு நிற்க, கல்லடிப் பாலத்தில் நின்று, கல்லடிப் பாலத்தை ஒரு சத்தமும் இல்லாமல் தாண்டினேன். அந்த வயதானவன் கையை அசைத்து என்னைப் போகச் சொன்னான். பஸ்ஸில் ஏறி இருந்த பிறகு அழுகை வந்தது. அழுதுகொண்டே முன் இருக்கைக் கம்பியில் மறுபடி ஓட்டினேன். அவன் என்னை மறித்த இடத்தில் நான் நிறுத்திவிட்டேன் என்று இருக்கக் கூடாது.

இப்படி நாலு வருஷம். என் விரலுக்கு அந்த இடம் தூக்கத்திலும் வரும் என்று எனக்கு ஒரு பெருமை. ஊதாமலே இந்தக் கரையில் யாரும் ஊதாத வேகத்துக்கு வந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு சண்டை முடிந்துவிட்டது என்று றேடியோ சொன்னது. வைகாசி மாதம், எங்கள் ஊரில் அம்மன் சடங்குக்குப் பந்தல் போடும் நேரம். ரவுனில் வெடி கொளுத்தினார்கள். ஆமிக்காரர் பஸ்ஸை மறித்து வெற்றிப் பாற்சோறு தந்தார்கள். வாங்காதவர்களைப் பார்த்தார்கள், ஆகவே எல்லாரும் வாங்கினோம். நான் கையில் வைத்துக்கொண்டே ஊர்வரை வந்து கோழிக்குப் போட்டேன். வடக்கே கம்பி வேலிக்குள் லட்சக்கணக்கில் சனம் என்று கதை வந்தது. பெரியம்மா யார் பத்திரிகை வைத்திருந்தாலும் வாங்கி, படங்களில் இருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தா.

அந்தக் கிழமையே பாண்ட் சேர் மோட்டார் சைக்கிளில் எங்கள் படலைக்கு வந்து இறங்கினார். ரவுனில் வெற்றிக்குப் பெரிய விழா, பெரிய ஆட்கள் வருகிறார்கள், பள்ளிக்கூட பாண்ட் வாசிக்க வேண்டும். புதுக் கிளாரினெற் வாங்கிய ரவுன் பிள்ளைகளில் ஒருத்தி கனடாவில், ஒருத்திக்கு இரட்டைக் குழந்தை. பழைய மாணவிகளைச் சேர்க்கிறார். "அந்த வால்ஸையும் வைக்கிறம். நீ ஆசப்பட்ட அந்த ரெண்டு பாரும் இருக்கு. நல்ல கிளாரினெற் தாறன், எல்லாக் கீயும் இருக்கிறது" என்றார்.

பொய் சொல்லப்போவதில்லை. எனக்கு ஆசை வந்தது. பாவாடை மடிப்புக்குள் விரல்கள் தாமாகவே ஓடத் தொடங்கிவிட்டன. நாலு வருஷம் மூச்சில்லாமல் பழகியதை ஒரு நல்ல குழலில், நிறைந்த சபையில், ஒரு தரம் ஊதிப் பார்க்க எனக்கு எவ்வளவு ஆசை இருந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

"ரெண்டாவது பகுதிய ஆர் ஊதுற சேர்?" என்று கேட்டேன்.

"அது தேவையில்ல. ஆக்களுக்குத் தெரியாது" என்றார்.

"அப்ப நான் வரேல்ல" என்றேன்.

அவர் சிரித்தார், நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்து. பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தார். "ஆக்கள் வரேல்லயெண்டா ஏன் எண்டு மேல கேப்பாங்கள். நான் பேர் குடுக்க வேண்டி வரும்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனதும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "போயிட்டு வாகா. ஒரு நாள்தானே. பேர எழுதினாங்களெண்டா மறுகா வாழ்க்கை முழுக்க வாசல்ல வந்து நிப்பாங்கள். பிரச்சினதான் முடிஞ்சிட்டுதே, நேத்தியையும் இந்தச் சடங்கோட கழிச்சிருவம்."

நாலு வருஷம் முன்பு ஊதாதே என்று சொன்ன அதே பயம், அன்று ஊது என்றது. எனக்கு அம்மாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது, ஆனால் வாய் அடங்கவில்லை. "முடிஞ்சிட்டுதெண்டு ஆர் சொன்ன? றேடியோவா? பெரியம்மாட்டக் கேட்டீங்களா?" என்றேன். அம்மா கையை விட்டுவிட்டார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சாப்பாட்டை மட்டும் போட்டு மூடி வைத்தார்.

விழா அன்று காலை பத்து மணிக்கு, அங்கே எல்லாரும் வரிசையில் நிற்கிற நேரத்துக்கு, நான் அம்மன் படத்தடியில் இருந்து கிளாரினெற்றை எடுத்து மஞ்சள் துணியை அவிழ்த்தேன். "நேந்தது அம்மா. நான் இல்ல. குற்றமெண்டா என்னட்ட வந்து கேள்" என்று அம்மனிடம் சொன்னேன். துணியையும் காசையும் அவளுடைய படத்துக்கு முன்னாலேயே வைத்தேன். மூட்டுகளை இறுக்கிப் பூட்டி முற்றத்துக்கு நடுவில் வந்து றோட்டைப் பார்த்து நின்றேன். அம்மா அடுப்படிக் கதவில் நின்று பார்த்தார்.

முதலில் காற்று மட்டும் போனது. உதடு மறந்துபோயிருந்தது. பிறகு ஒரு சத்தம் வந்தது, தாரா வாத்து மிதிபட்டதுபோல. தென்னையில் இருந்த காகமெல்லாம் எழும்பிவிட்டன. பள்ளிக்குப் போகாத இரண்டு குஞ்சுகுருமான்கள் வேலியில் ஏறிச் சிரித்தன. கால் மணித்தியாலம் அப்படி ஊதினேன். மெல்ல மெல்ல ஒரு சுரம் நீண்டு நின்றது. சின்ன விரலை உச்சியில் தேய்த்துக்கொண்டு, பதினாறையும் தொடங்கினேன்.

பாலத்தைக் கடந்தேன். கிறீச்சிடவில்லை, தடக்கவில்லை. நெஞ்சு நிமிர்ந்தது. பதினோராவதில் குழல் வேறெதையோ சொன்னது.

மறுபடி ஊதினேன். அதே பதினோராவது, அதே பிழை. மெதுவாக, ஒவ்வொரு விரலாகப் பார்த்துக்கொண்டு ஊதியபோதுதான் விளங்கியது. என் சின்ன விரல் வழுக்கிப் போய் இறங்கிக்கொண்டிருந்தது பக்கத்துக் கீயில். நெல்மணி அகல இடைவெளியில் அருகருகே இருக்கும் இரண்டு கீ. தொட்டால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், டக் என்று இரண்டும் ஒன்றுபோலத்தான் சொல்லும். ஊதினால் மட்டும்தான் வித்தியாசம். தும்புத்தடியில், குடைக்கம்பில், கல்லடிப் பாலத்தில் துவக்குக்கு முன்னால், நாலு வருஷமாக ஒரு பிழையைத்தான் ஒரு குறையும் இல்லாமல் பழகியிருக்கிறேன்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் குழலை முழங்காலில் வைத்து முறித்திருப்பேன். முறிக்கவில்லை. ஏனென்றால் அந்த ஆத்திரத்துக்கு நடுவிலேயே ஒன்று தெரிந்தது. வாயைக் கட்டி வைத்தால் சரியாகச் செய்ய மட்டும் முடியாமல் போவதில்லை, பிழை விட்டதுகூட நமக்குத் தெரியாமல் போய்விடுகிறது. இனி என் பிழையை நான் கேட்பேன் என்று நினைத்தேன். ஊரும் கேட்கட்டும். "உள்ள வாகா, போதும்" என்றார் அம்மா. "போதாது" என்று சொல்லிவிட்டு, பத்திலிருந்து பதினொன்றுக்கு, பத்திலிருந்து பதினொன்றுக்கு, என்று அந்த ஒரே வழுக்கலை மட்டும் சத்தமாக ஊதத் தொடங்கினேன். சரியாக ஒன்று, பிழையாக மூன்று. சரியாக இரண்டு, பிழையாக ஒன்று.

எத்தனை தரம் ஊதினேனோ தெரியாது. நிமிர்ந்தபோது படலையடியில் பெரியம்மா நின்றா. தலைமயிர் அவிழ்ந்து, அடுப்படியில் இருந்து அப்படியே வந்த கோலம். அம்மாவின் பயமெல்லாம் எனக்குத் தூசு, ஆனால் இவவிடம் மட்டும் எனக்குப் பயம் இருந்தது. என் பிள்ளை இல்லாத ஊரில் உன் பிள்ளை இருப்பதைப் பறைசாற்றுகிறாயா என்று அவ அம்மாவைக் கேட்டால், நான் குழலைப் பெட்டியில் வைத்து மூடியிருப்பேன்.

"அவள் ஊதினது இதில்லையே" என்றா பெரியம்மா.

எனக்கு விளங்கவில்லை. பெரியம்மா படலைக் கம்பைப் பிடித்துக்கொண்டு, வாயை முழுதாகத் திறக்காமல் முனகத் தொடங்கினா. சுருதி எங்கேயோ போனது. ஆனால் எனக்குத் தெரிந்துவிட்டது. இரண்டாவது கிளாரினெற்றின் பகுதி. அந்த மார்கழி விடுமுறையில் தன்னுடைய மகள் வீட்டில் பழகியதை, சமைத்துக்கொண்டும் மீன் வெட்டிக்கொண்டும் கேட்டிருக்கிறா. ஆறு சுரம் முனகினா, ஏழாவதில் குரலை உடைத்துக் கிறீச்சென்று நிறுத்தினா. தொடக்கத்துக்குத் திரும்பி வந்து மறுபடி ஆறு சுரம். மறுபடி அதே கிறீச். மூன்றாம் தரமும் அப்படியே செய்துவிட்டு என்னைப் பார்த்தா. மகள் எந்த இடத்தில் விழுந்தாளோ அந்த இடத்தோடு அவவுக்குப் பாட்டு முடிந்திருந்தது. அதற்கு அப்பால் ஒன்று இருப்பதை அவ கேட்டதே இல்லை.

"மறுகா எப்பிடிப் போகும்?" என்று கேட்டா.

இரண்டு வருஷம் அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தவள் நான். என் பகுதியைவிட அவளுடைய பகுதியைத்தான் அதிகம் கேட்டிருக்கிறேன். குழலை உயர்த்தி, அவளுடைய பகுதியைத் தொடக்கத்திலிருந்து எடுத்தேன். மெதுவாக, பாலர் வகுப்பில் சொல்லிக் கொடுப்பதுபோல ஒவ்வொன்றாக. ஆறாவதில் பெரியம்மாவின் கை படலைக் கம்பை இறுக்கியது. நான் அத்தனை விரலையும் ஒரே நேரத்தில் மூடினேன். ஏழு. எட்டு. அவளுடைய பகுதியிலும் சின்ன விரல் வழுக்க வேண்டும், வழுக்கியது, இரண்டு இடத்தில் தப்பியும் விழுந்தது. நிறுத்தவில்லை. பதினாறாவதை மூச்சு முடியும்வரை பிடித்து வைத்திருந்தேன்.

அம்மா அடுப்படியில் இருந்து வந்து அவவுக்குப் பக்கத்தில் நின்றார். என்னை உள்ளே வரச் சொல்லவில்லை.

"அவள் வந்த உடன இத அவளுக்கும் சொல்லிக் குடு" என்றா பெரியம்மா.

"ஓம் பெரியம்மா, சொல்லிக் குடுக்கிறன்" என்றேன்.

அவள் இன்னும் வரவில்லை. பெயர் கேட்டு அன்றும் பிறகும் ஆமிக்காரர் எங்கள் வாசலுக்கு வந்தார்கள், சொன்னேன், எழுதிக்கொண்டு போனார்கள். பதினோராவது சுரம் சரிவர எனக்கு எட்டு மாதம் எடுத்தது. இப்போது இரண்டு பகுதியும் தடக்காமல் வரும். பெரியம்மா படலையடிக்கு வருகிற நாட்களில் அவளுடைய பகுதியைத்தான் ஊதுகிறேன், றோட்டுக்குக் கேட்கும்படி.